காலஸ் வளர்கிறது, மருந்துப்பொருள் ஏன் வரவில்லை?

கேள்வி இதுதான்: மூலிகைச் செடியின் இலைத்துண்டிலிருந்து காலஸ் (உருவமற்ற செல் திரள்) எடுத்தாயிற்று, எம்.எஸ். ஊடகத்தில் (செல் வளர்க்கும் சத்துக் கலவை) 2,4-டி என்ற வளர்ச்சி ஹார்மோன் சேர்த்துப் பல சுற்று மறுவளர்ப்பும் (புது ஊடகத்துக்கு மாற்றி வளர்ப்பது) செய்தாயிற்று. திசு தளதளவென்று வளர்கிறது. ஆனால் எச்பிஎல்சி-யில் (சாற்றில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டினால், செடியில் இருக்கிற மருந்துப்பொருளான ஆல்கலாய்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஊடகத்தில் கோளாறா, இல்லை திசு வளர்ப்பில் இந்தப் பொருளே வராதா?

ஊடகத்தில் கோளாறு இல்லை. எதற்காக அதைச் செய்தார்களோ அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. முராஷிகி, ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் 1962-ல் எம்.எஸ். ஊடகத்தை வெளியிட்டது புகையிலைத் திசு வேகமாகப் பெருகவேண்டும் என்பதற்காக. லிட்டருக்கு 1,650 மி.கி. அம்மோனியம் நைட்ரேட், 1,900 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட், 170 மி.கி. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 30 கிராம் சர்க்கரை என்று தாராளமாகப் போட்டு, மேலே 2,4-டி-யும் கொடுத்தால் செல் பிரிந்துகொண்டேதான் இருக்கும். ஆல்கலாய்டு, டெர்பீன், நாப்தோகுவினோன் போன்ற இரண்டாம்நிலைப் பொருள்களோ (செல் வளர நேரடியாகத் தேவைப்படாதவை) பெரும்பாலும் செல் பிரிவது மட்டுப்பட்ட பிறகு உருவாகின்றன, அல்லது ஏதோ தாக்குகிறது என்று செல் உணரும்போது உருவாகின்றன. வளர்ச்சியும் பொருளும் ஒரே சர்க்கரைக்குப் போட்டியிடுகிற இரண்டு செலவுகள். இரண்டையும் ஒரே குடுவையில், ஒரே நேரத்தில் எதிர்பார்த்தால் வளர்ச்சிதான் ஜெயிக்கும்.

ஆனால் ஊடகத்தைத் தொடும் முன் விடை காணவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பொருள் செடியின் எந்தப் பாகத்தில், எந்த வகைச் செல்லில் தயாராகிறது? இதைப் பார்க்காமல் ஹார்மோன் அளவுகளை மாற்றி மாற்றி ஆண்டுக்கணக்கில் வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாவது: கேத்தராந்தின் ஒன்று, வின்டோலின் இன்னொன்று. இந்தத் தயாரிப்பின் தொடக்கப் படிகள் உட்புற ஃபுளோயம் (உணவு கடத்தும் திசு) சார்ந்த பாரன்கைமா செல்களில் நடக்கின்றன, நடுப்படிகள் மேல்தோலில், வின்டோலினின் கடைசிப் படிகள் இலைக்குள் சிதறிக் கிடக்கும் இடியோபிளாஸ்ட் (பொருள் சேமிக்கும் தனிச் செல்), பால்நாளச் செல்களில். அதாவது இலையின் கட்டமைப்பே தொழிற்சாலை. காலஸில் இலையும் இல்லை, மேல்தோலும் இல்லை, பால்நாளமும் இல்லை. ஆகவே நித்தியகல்யாணிக் காலஸும் சஸ்பென்ஷனும் (திரவ ஊடகத்தில் மிதக்கும் செல் வளர்ப்பு) அஜ்மலிசின், செர்பென்டின், கேத்தராந்தின் வரை தரும், வின்டோலின் தராது. வின்டோலின் இல்லையென்றால் வின்பிளாஸ்டினும் இல்லை. எந்த எலிசிட்டரை (தாக்குதல் நடப்பதாகச் செல்லை உணரவைக்கும் தூண்டுபொருள்) கொட்டினாலும் இது மாறாது.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினும் இதே வகை. அது இலைமேல் உள்ள சுரப்பு மயிர்களில் உருவாவது. சுரப்பு மயிர் இல்லாத காலஸில் தேடுவது வீண். ஊமத்தை, குரோசாணி ஓமம் போன்றவற்றின் ஹையோசயமின், ஸ்கோபோலமின் இலையில் கிடைத்தாலும், தயாராவது வேரில். அங்கிருந்து சைலம் (நீர் ஏற்றும் திசு) வழியாக மேலே ஏறுகின்றன. அதனால் இலைக் காலஸில் பூஜ்யம் வந்தவர் வேர் வளர்ப்புக்கு மாறினால் பொருள் கிடைக்கும். இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு: ஷிகோனின், பெர்பெரின், ரோஸ்மரினிக் அமிலம், புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்சல், ஆந்த்ரோகுவினோன்கள், ஆந்தோசயனின்கள். இவற்றை உருவமற்ற செல் கூட்டமே தனியாகச் செய்துவிடும். உங்கள் பொருள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்றால் மட்டும் கீழே உள்ள ஊடக வேலையில் இறங்குங்கள்.

இந்தத் துறையில் முதலில் சந்தைக்கு வந்த சரக்கு ஷிகோனின். ஜப்பானில் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983-ல் இதைச் செல் வளர்ப்பிலிருந்து எடுத்தது. உதட்டுச்சாயத்துக்குப் போன சிவப்பு நிறமி அது. லித்தோஸ்பெர்மம் செடியின் வேரில் உலர் எடையில் 1–2% மட்டுமே இருக்கும், அதுவும் சில ஆண்டுகள் காத்திருந்தால். வளர்ப்புச் செல்லில் 10%-க்கும் மேல், சில வாரங்களில். எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது. அம்மோனியம் அயனி ஷிகோனினை நிறுத்துகிறது. 2,4-டி நிறுத்துகிறது. வெளிச்சமும், குறிப்பாக நீல ஒளி, நிறுத்துகிறது. செம்பு அயனி தூண்டுகிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்: அம்மோனியம் உள்ள வளர்ச்சி ஊடகத்தில் செல்லைப் பெருக்கி, பிறகு நைட்ரேட் மட்டும் கொண்ட, செம்பு கூட்டிய, ஒயிட் ஊடகம் என்ற இன்னொரு கலவையை ஒட்டிய உற்பத்தி ஊடகத்துக்கு இருட்டில் மாற்றினார்கள். வளர்ச்சிக் கட்டத்தில் நிறமில்லாமல் இருக்கிற செல், உற்பத்திக் கட்டத்தில் செக்கச்செவேலென்று ஆகும். எம்.எஸ். ஊடகத்தில் மட்டும் வைத்திருந்தால் அதே செல்லைப் பார்த்து 'இதில் ஷிகோனினே இல்லை' என்றுதான் முடிவு செய்திருப்பார்கள்.

உங்கள் ஆய்வகத்தில் இதே உத்தியை இப்படிச் செய்து பார்க்கலாம். 250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. ஊடகம், 25 டிகிரி, ஷேக்கர் 100–120 ஆர்பிஎம். எளிதில் உதிரும் காலஸாகப் பார்த்து 4–5 கிராம் போடுங்கள். கெட்டியான பச்சைக் காலஸ் சஸ்பென்ஷன் ஆகாது, கட்டிகட்டியாகவே சுற்றும். 10–14 நாளுக்கு ஒருமுறை, பழைய வளர்ப்பில் 10–20% அளவை விதையாக எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து 2–3% மட்டும் போட்டால் செல்கள் பிரியாமல் அப்படியே நின்று பழுப்பாகிவிடும். செல்கள் ஊடகத்தில் கசியவிடும் சில பொருள்கள் குறிப்பிட்ட செறிவை எட்டினால்தான் அவை பிரியத் தொடங்குகின்றன என்பதே காரணம்.

வளர்ச்சி வளைவு போட்ட பிறகு, வேகம் குறையத் தொடங்கும் நாளில் செல்களை வடிகட்டி உற்பத்தி ஊடகத்துக்கு மாற்றுங்கள். அதில் நான்கு திருகுகள் உண்டு, ஒவ்வொன்றாகத் திருகவும். 2,4-டி-யை நீக்கி, என்ஏஏ என்ற இன்னொரு ஆக்சின் (அதே வகை வளர்ச்சி ஹார்மோன்) லிட்டருக்கு 0.1–1 மி.கி. வைப்பது அல்லது ஆக்சினே இல்லாமல் விடுவது. சர்க்கரையை 30 கிராமிலிருந்து 50-க்கு உயர்த்துவது. ரோஸ்மரினிக் அமிலத்துக்கு இது நன்றாகவே எடுபடும். பாஸ்பேட்டைப் பாதியாகவோ பூஜ்யமாகவோ ஆக்குவது. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகளுக்கு இது முக்கியம். அம்மோனியத்தைக் குறைத்து நைட்ரேட் பங்கைக் கூட்டுவது. நாலையும் ஒரே நாளில் திருகினால் ஏறினாலும் இறங்கினாலும் எது காரணம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது எலிசிட்டர். மீத்தைல் ஜாஸ்மோனேட், சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஈஸ்ட் சாறு, வெள்ளி அல்லது செம்பு உப்பு என்று பட்டியல் நீளும். முதலில் முயலவேண்டியது மீத்தைல் ஜாஸ்மோனேட். 1996-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் டாக்ஸஸ் மீடியா என்ற யூ மரத்தின் செல்களில் 100 மைக்ரோமோலார் அளவில் இதைச் சேர்த்தபோது இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 110 மி.கி. பேக்லிடாக்சல் கிடைத்தது.

செய்முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், பெரும்பாலான கோளாறு இங்கேதான். மீத்தைல் ஜாஸ்மோனேட்டின் மூலக்கூறு எடை 224.3. 22.4 மி.கி. எடுத்து எத்தனாலில் கரைத்து 1 மி.லி. ஆக்கினால் 100 மில்லிமோலார் மூலக்கரைசல். அதை எத்தனால் தாங்கும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்திக்கொள்ளவும். ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. 50 மி.லி. வளர்ப்புக்கு 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 100 மைக்ரோமோலார் ஆகும், எத்தனால் 0.1% மட்டுமே இருக்கும். ஒப்பீட்டுக் குடுவைக்கும் அதே 50 மைக்ரோலிட்டர் வெறும் எத்தனால் போடவேண்டும், இல்லாவிட்டால் எத்தனாலின் விளைவையும் எலிசிட்டர் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: இது ஆவியாகும் பொருள். பஞ்சு அடைப்பு போட்ட குடுவைகளை ஒரே மூடிய ஷேக்கருக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆவி ஒப்பீட்டுக் குடுவைக்கும் போய்ச் சேரும். அப்புறம் 'எலிசிட்டர் வேலை செய்யவில்லை' என்று தோன்றும். உண்மையில் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கும். ஒப்பீட்டுக் குடுவைகளுக்குத் தனி ஷேக்கர், முடியாவிட்டால் தனி அறை.

எந்த நாளில் சேர்ப்பது என்பதும் அளவைப்போலவே முக்கியம். விதைத்த அன்றே சேர்த்தால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். சர்க்கரை முழுக்கத் தீர்ந்த பிறகு சேர்த்தால் பொருள் செய்ய மூலதனம் இருக்காது. 14 நாள் சுற்றில் 6-வது அல்லது 7-வது நாள் நல்ல தொடக்கம். சேர்த்தபின் 2, 4, 7, 10-வது நாள்களில் மாதிரி எடுங்கள். சில பொருள்கள் இரண்டாம் நாளே உச்சம் தொட்டு, பிறகு செல்லாலேயே சிதைக்கப்படும். ஒரே ஒரு நாளில் மாதிரி எடுத்தவர் அந்த உச்சத்தைத் தவறவிடுவார்.

முன்னோடிப் பொருள் (தேடும் பொருளைச் செய்யச் செல் எடுக்கும் மூலப்பொருள்) ஊட்டுவது எடுபடுமா என்பது தடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபீனைல்அலனின், டிரிப்டோஃபேன் போன்றவற்றை 0.1 முதல் 0.5 மில்லிமோலார் வரை கொடுத்துப் பார்க்கலாம். அமினோ அமிலம் பற்றாக்குறையாக இருந்தால்தான் பலன். இல்லையென்றால் அந்த நைட்ரஜனையும் செல் வளர்ச்சிக்கே எடுத்துக்கொள்ளும்.

இனி அளவிடுதல். எதிர்மறை முடிவுகளில் கணிசமான பங்கு இங்கே பிறக்கிறது. காலஸில் 90–95% தண்ணீர். ஈர எடைக்குக் கணக்குப் போட்டால் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் ஒப்பீடே கிடையாது. உறைநிலை உலர்த்தலில் உலர்த்தி, உலர் எடையில் பேசவேண்டும். அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்துவது மலிவு, ஆனால் வெப்பம் தாங்காத பொருள் அங்கேயே போய்விடும். 100 மி.கி. தூளுக்கு 5 மி.லி. மெத்தனால், அல்ட்ராசோனிக் தொட்டியில் 30 நிமிடம், தொட்டித் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, இதையே இன்னொரு முறை. ஊடகத்தைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள், அதையும் தனியாகச் சாறு எடுத்துப் பாருங்கள். காப்டிஸ் என்ற செடியின் செல்கள் பெர்பெரினை வாக்குவோலுக்குள் (செல்லின் சேமிப்புப் பை) வைத்துக்கொள்ளும், தாலிக்ட்ரம் என்ற செடியின் செல்களோ அதே பெர்பெரினை ஊடகத்துக்கே வெளியேற்றும்.

குரோமட்டோகிராமில் உரிய இடத்தில் சிகரம் இல்லை என்றால் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும்: செல் அந்தப் பொருளைச் சர்க்கரையோடு கோர்த்து கிளைகோசைடாக வைத்திருக்கலாம். வளர்ப்புச் செல்கள் இதை அடிக்கடி செய்யும். சாற்றின் ஒரு பங்கை அமிலத்திலோ பீட்டா-குளுக்கோசிடேஸிலோ சிதைத்து மறுபடி ஓட்டினால் ஒளிந்திருந்த சிகரம் எழலாம். மாறாக, சரியான நேரத்தில் சிகரம் வந்துவிட்டால் மட்டும் கொண்டாடவும் கூடாது. தூய மாதிரியைச் சாற்றோடு கலந்து ஓட்டி ஒரே சிகரமாக உயர்கிறதா, யுவி நிறமாலை பொருந்துகிறதா, முடிந்தால் நிறையளவியில் எடை பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பெயர் சொல்லவேண்டும். செடியின் சாற்றில் அந்த நேரத்தில் ஒரு பொருள் வந்ததற்காகக் காலஸ் சாற்றிலும் அதே பொருள்தான் என்று ஆகாது.

முடிவை எந்த அலகில் எழுதுவது? கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதினால் எலிசிட்டர் எப்போதும் வெற்றி பெறும். ஒரு கற்பனைக் கணக்கு: ஒப்பீட்டுக் குடுவையில் லிட்டருக்கு 12 கிராம் உலர் எடை, கிராமுக்கு 2 மி.கி. பொருள், மொத்தம் 24 மி.கி. எலிசிட்டர் போட்டதில் வளர்ச்சி 7 கிராமோடு நின்று, கிராமுக்கு 3 மி.கி.; மொத்தம் 21. தலைப்பில் '50% உயர்வு' என்று வரும், தொட்டியில் சரக்கு குறைந்திருக்கும். லிட்டருக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்ற ஒற்றை எண்ணைத்தான் நம்பவேண்டும். அதில் வளர்ச்சிக் கட்டத்தின் நாள்களும் சேரவேண்டும்.

பழுப்பாதல் பற்றிச் சுருக்கமாக. வெட்டிய இடத்தில் பீனாலிக் பொருள்கள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து குவினோன்களாகி ஊடகத்தைக் கறுப்பாக்குகின்றன, திசு சாகிறது. லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலம், சிட்ரிக் அமிலம், முதல் வாரம் இருட்டு, மூன்று நான்கு நாளில் புது ஊடகம் என்று சமாளிக்கலாம். செயலூட்டிய கரியும் உதவும், ஆனால் அது ஹார்மோனையும் உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் பொருளையும் உறிஞ்சிக்கொள்ளும். உற்பத்திச் சோதனையில் கரி வேண்டாம்.

நன்றாகப் பொருள் தந்த வளர்ப்பு ஓராண்டில் மலடாகிப்போவது இத்துறையின் நிரந்தரத் தலைவலி. ஒவ்வொரு மறுவளர்ப்பும் வேகமாகப் பிரியும் செல்லுக்குச் சாதகமான தேர்வு. பொருள் செய்வதில் சர்க்கரையைச் செலவழிக்கிற செல் அந்த ஓட்டத்தில் பின்தங்கும். சில சுற்றுகளில் காணாமலே போகும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இடைவிடாத தேர்வு: காலஸை 3–5 மி.மீ. துணுக்குகளாக்கி ஒவ்வொன்றையும் தனியாக வளர்த்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அளந்து, அதிகம் தந்த துணுக்கின் மறு பாதியை மட்டும் தொடர்வது. காப்டிஸிலும் லித்தோஸ்பெர்மத்திலும் இந்த வழியில்தான் நல்ல வரிசைகள் பிடிபட்டன. நிறமுள்ள பொருள் என்றால் கண்ணாலேயே பொறுக்கலாம். இரண்டாவது, திரவ நைட்ரஜன். சில நாள் மன்னிட்டாலில் வளர்த்து, டிஎம்எஸ்ஓ, கிளிசரால், சர்க்கரை சேர்ந்த காப்புக் கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் மைனஸ் 40 வரை குளிர்வித்துப் பிறகு மைனஸ் 196-க்கு மாற்றுவார்கள். எடுக்கும்போது 40 டிகிரித் தண்ணீரில் சட்டென்று உருக்கவேண்டும். மெதுவாக உருகினால் பனிப்படிகம் பெரிதாகிச் செல்லைக் கிழித்துவிடும். நல்ல வரிசை கிடைத்த வாரமே குப்பிகளை உள்ளே போடுவது நல்லது.

வேரில் தயாராகும் பொருள் என்றால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை, ஏனென்றால் மயிர்வேர் வளர்ப்பு நிலையானது. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீனஸ் பாக்டீரியா தன் ஆர்ஐ பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்திலிருந்து ரோல் மரபணுக்களைச் செடிக்குள் செலுத்துவதால், ஹார்மோனே இல்லாத ஊடகத்தில் வேர் கிளைவிட்டு ஓடும். இலைத்துண்டுகளைக் கத்தியால் கீறி, ஓடி (கலங்கல் அளவு) 0.5–0.8 உள்ள பாக்டீரியாக் கரைசலில் 10–20 நிமிடம் அமிழ்த்தி, ஒற்றி எடுத்து, இருட்டில் இரண்டு நாள் வைக்கவும். பாக்டீரியாவைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் 100 மைக்ரோமோலார் சேர்த்தால் வெற்றி கூடும். பிறகு லிட்டருக்கு 500 மி.கி. செஃபோடாக்சிம் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) உள்ள தட்டு. இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீறலில் வேர் எழும். ஒவ்வொரு வேரும் தனித்தனி மரபணுச் செருகலால் வந்தது, அதனால் ஒவ்வொன்றும் தனி வரிசை, கலந்துவிடாதீர்கள். 2–3 செ.மீ. நுனியை வெட்டி அரை எம்.எஸ்.-க்கு (உப்புகள் பாதி அளவு) மாற்றி, மருந்தைப் படிப்படியாகக் குறைக்கவும். பிசிஆரில் (மரபணு இருக்கிறதா என்று காட்டும் சோதனை) செடிக்குள் போன ரோல்-பி மரபணு இருக்கவேண்டும், பாக்டீரியாவிலேயே தங்கும் விர்-டி மரபணு இருக்கக் கூடாது. இரண்டும் இருந்தால் வேருக்குள் பாக்டீரியா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மருந்தை நிறுத்திய மூன்றாம் வாரம் குடுவை கலங்குவது அதனால்தான்.

பெரிய தொட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், செடிச் செல்லின் வேகத்தை மனதில் வையுங்கள்: இரட்டிப்பாக இரண்டு முதல் ஐந்து நாள். உள்ளே தப்பி நுழைந்த பாக்டீரியாவுக்கு அரை மணி போதும். ஒரு சுற்று மூன்று வாரம் ஓடவேண்டிய தொட்டியில் ஒரு கசிவு வால்வு மொத்தத்தையும் அழித்துவிடும். 10% விதை என்றால் 1,000 லிட்டருக்கு 100 லிட்டர் தயார் வளர்ப்பு வேண்டும், அதற்கு 10 லிட்டர், அதற்கு 1 லிட்டர். குடுவையிலிருந்து அங்கே போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். கலக்கியின் தகடு செல்லைக் கிழிக்கும், காற்றைக் கூட்டினால் நுரை வரும், நுரையில் ஏறிய செல் சுவரில் பொருக்காக ஒட்டிச் செத்து இன்னும் நுரையைக் கூட்டும். காற்று மிகுந்தால் கார்பன் டைஆக்சைடும் எத்திலீனும் அடித்துக்கொண்டு போவதாலேயே உற்பத்தி விழுவதும் உண்டு. இத்தனையையும் தாண்டி ஜெர்மனியில் ஃபைட்டான் நிறுவனம் 75,000 லிட்டர் அளவுள்ள தொட்டியில் டாக்ஸஸ் செல்களை வளர்க்கும் வசதியை அமைத்தது. இந்த வழியில் பேக்லிடாக்சல் எடுத்ததற்காகப் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் 2004-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. விலை மிக உயர்ந்த, மரப்பட்டையில் 0.01% அளவே கிடைக்கிற பொருள் என்பதால்தான் கணக்குக் கட்டியது. வயலில் ஒரே பருவத்தில் டன் கணக்கில் விளைகிற செடியின் பொருளுக்கு இது கட்டாது.

வின்பிளாஸ்டின், ஆர்ட்டிமிசினின் மாதிரி பல திசுக்கள் கைமாற்றிச் செய்யும் பொருளைத்தான் தேடுகிறீர்கள் என்றால், இன்று அதற்கான வழி ஈஸ்ட். ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஈஸ்ட் லிட்டருக்கு 25 கிராம் தரும் அளவுக்கு 2013-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். வின்டோலினையும் கேத்தராந்தினையும் ஈஸ்டில் உருவாக்கி இணைத்தது 2022-ல். அங்கேயும் உங்கள் காலஸுக்கு வேலை உண்டு: மீத்தைல் ஜாஸ்மோனேட் போட்ட செல்லையும் போடாத செல்லையும் ஆர்என்ஏ அளவில் ஒப்பிட்டால் எந்த மரபணுக்கள் சேர்ந்து ஏறுகின்றன என்று தெரியும், ஈஸ்டுக்குள் வைக்கவேண்டிய நொதிகளை அதிலிருந்து பொறுக்கலாம். எலிசிட்டர் சேர்த்து 6, 12, 24 மணி நேரத்தில் ஒரு பங்குச் செல்லைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-ல் எடுத்து வையுங்கள். எச்பிஎல்சி-யில் ஒன்றும் தெரியாத தொகுதியானாலும் சரி.